மலையேற்றத்தைப் பற்றி எழுதுவது ஒரு வேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் தாலுகா நிருபராக மாங்காய் விலையும் ஆட்சியர் அலுவலகச் செய்தியும் எழுதத் தொடங்கியவள் நான். பதினாறு ஆண்டுகளாக மலையேற்றத்தைப் பற்றி எழுதிவருகிறேன். கல்லூரி விழாவானாலும் தருமபுரி பஸ் நிலையமானாலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேடம், மலையேற்ற நிருபர் என்று ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

அந்தப் பெயரில் நியமன ஆணை கொடுக்கும் தமிழ் நாளிதழ் எதையும் நான் பார்த்ததில்லை. விளையாட்டுப் பக்கம், சுற்றுலாப் பக்கம், ஞாயிறு இணைப்பு, சில நேரம் விபத்துச் செய்தி என்று பல கதவுகள் வழியாக நுழைந்து நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டிய வேலை இது.

ஆனால் உலக அளவில் இது புதிய வேலை அல்ல. 1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது, அந்தக் குழுவோடு லண்டன் டைம்ஸ் நாளிதழின் நிருபர் ஜேம்ஸ் மாரிஸும் மலையில் இருந்தார். செய்தி வழியில் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சங்கேதம் வைத்திருந்தார்கள். ‘பனி நிலை மோசம்’ என்றால் ‘சிகரம் ஏறியாயிற்று’ என்று பொருள். மாரிஸ் எழுதிக் கொடுத்த தாளை ஓர் ஆள் நாம்சே பஜாருக்குச் சுமந்து ஓடினார். அங்கிருந்த இந்திய போலீஸ் ஒயர்லெஸ் மூலம் அது காத்மாண்டு சேர்ந்தது. ஜூன் 2, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு நாள் காலையில் லண்டனில் அச்சாகிவிட்டது. ஒரு மாலை முழுக்க வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் திணறும் நாட்களில் அந்த ஓட்டக்காரரை நினைத்துக்கொள்வேன்.

எவரெஸ்ட் ஏறியவர்தான் எவரெஸ்ட் பற்றி எழுத வேண்டுமா? நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?

நான் ஏறியதில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் எலிசபெத் ஹாலியும் எந்தச் சிகரமும் ஏறியதில்லை. அமெரிக்கரான அவர் 1960 முதல் காத்மாண்டுவிலேயே வாழ்ந்தார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்கு எழுதினார். மலையேறும் குழு ஊருக்குள் வந்து விடுதியில் பெட்டியை இறக்குவதற்குள் அவருடைய அழைப்பு வந்துவிடும் என்பார்கள். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று விடாமல் கேட்டுக் கேட்டு அவர் சேர்த்த பதிவுகள்தாம், நேபாள இமயத்தில் யார் எந்தச் சிகரம் ஏறினார் என்று சொல்லும் இன்றைய இமாலயன் டேட்டாபேஸ். 2018இல் தமது 94ஆம் வயதில் காலமானார். பெரிய மலையேற்றக்காரர்களும் அவருடைய கேள்விகளுக்குத் தயார் செய்துகொண்டு போனார்கள்.

ஆனாலும் குளிர் என்ன செய்யும், கயிற்றில் தொங்கும்போது கால் எப்படி நடுங்கும் என்பதை ஒரு முறையாவது உடம்பால் அறிந்திருக்க வேண்டும். அதற்கு எவரெஸ்ட் தேவையில்லை.

டிரெக்கிங்கும் மலையேற்றமும் ஒன்றுதானே? எழுதும்போது ஏன் பிரிக்க வேண்டும்?

பிரிக்காவிட்டால் நாம் எழுதுவது பொய்யாகிவிடும். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிகரம் 8,848.86 மீட்டர். இடையில் ஏறத்தாழ 3,485 மீட்டர். அந்த இடைவெளியில் நம் தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) நிறுத்தினாலும் மேலே இடம் மீதியிருக்கும். அடிவார முகாம் வரை நல்ல பாதையில், வழியெங்கும் தங்கும் விடுதிகளோடு நடந்து போகலாம். அதற்கு மேல் பனிப்பிளவு, ஏணி, கயிறு, ஆக்சிஜன் சிலிண்டர் என்று வேறு உலகம்.

முகாம் வரை போய்வந்த மாணவரை ‘எவரெஸ்ட் சாதனை’ என்று தலைப்பிட்டு எழுதும் செய்திகள் நம் மாவட்டங்களிலும் வருகின்றன. அந்த மாணவர் நடந்தது பெருமைக்குரிய நடைதான். அதை உள்ளபடி எழுதினாலே அவருக்கு மரியாதை. ஒருவர் ‘எவரெஸ்ட் போய்வந்தேன்’ என்றால் என் முதல் கேள்வி, ‘எதுவரை?’ என்பதுதான்.

நான் தருமபுரிப் பையன், அக்கா. எங்கள் பக்கம் பனியும் கிடையாது, பெரிய மலையும் கிடையாது. எங்கே தொடங்குவது?

அதியமான் ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து நெல்லிக்கனி கொண்டுவந்த கதை உன் ஊர்க் கதை, தம்பி. உன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார். வத்தல்மலை, சித்தேரி மலை, தீர்த்தமலை, அந்தப் பக்கம் மேலகிரித் தொடர், கிருஷ்ணகிரிக் கோட்டை, இராயக்கோட்டை. எங்கும் கருங்கல். பனி இல்லாவிட்டாலும் பாறையைப் படிப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

நான் புதிதாக வருபவர்களுக்குத் தரும் பயிற்சி இதுதான். விடியற்காலை இராயக்கோட்டைக் கோட்டை மலையில் ஏறு. மேலே உட்கார்ந்து, ‘அழகு’, ‘பிரமிப்பு’, ‘இயற்கையின் மடி’ என்ற மூன்றும் வராமல் முந்நூறு சொற்கள் எழுது. படி எங்கே முடிந்து வெறும் பாறை தொடங்குகிறது, வெயில் முதலில் எந்தச் சரிவில் விழுகிறது, பிடிமானம் எங்கே தேய்ந்து வழுக்குகிறது, மூச்சு எந்த இடத்தில் வாங்குகிறது என்று எழுது. கீழே ஓசூர் ரயில் போகும் சத்தம் மேலே கேட்கிறதா? அதையும் எழுது. முதல் முறை யாருக்கும் வராது. எனக்கு ஐந்தாவது முறைதான் வந்தது.

அடுத்து, மலையேறுபவர்களோடு பழக வேண்டும். ஓசூர் தாண்டிப் போனால் ராமநகரப் பாறைகள். விடுமுறை நாட்களில் பெங்களூருக்காரர்கள் கயிறும் சுண்ணப்பொடியுமாக அங்கே தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்; கேட்டால் முடிச்சு போடக்கூடச் சொல்லித்தருவார்கள். ஒன்று மட்டும் முக்கியம்: காட்டுக்குள் போகும் பாதை எதுவானாலும் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகுதான் கால் வைக்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலைநடையாளர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியை எழுதிய யாரும் அனுமதியை வெறும் காகிதம் என்று நினைக்க மாட்டார்கள்.

முறையான பயிற்சி எங்கே கிடைக்கும்? பெண்பிள்ளையை அனுப்பலாமா?

டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி, பஹல்காம் ஆகிய இடங்களில் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங் நிறுவனம் எவரெஸ்ட் வெற்றிக்கு அடுத்த ஆண்டே, 1954இல் தொடங்கப்பட்டது. டென்சிங் அங்கே பயிற்சி இயக்குநராக இருந்தார். ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும் அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடித்தால் எழுதுவதற்கு வேண்டிய அறிவு வந்துவிடும். முதுகில் சுமை, விடியலுக்கு முன் விசில், பனிக்கோடாரியால் சறுக்கலை நிறுத்தும் பழக்கம் என்று உடம்பு நொந்து கற்றுக்கொள்ளும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

பெண்களைத் தாராளமாக அனுப்பலாம். பச்சேந்திரி பால் 1984இல் எவரெஸ்ட் ஏறினார். ஆனால் ஆபத்தே இல்லை என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா மலையில் மேல்நிலைப் பயிற்சிக்குப் போன குழுமீது பனிச்சரிவு விழுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்றுநர்களும் அதில் அடக்கம். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சம்பளம் வருமா? குடும்பம் நடத்த முடியுமா?

இதை மட்டும் நம்பி முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழில் நான் எழுதிய நான்கு பக்கக் கட்டுரைக்கு ரூ.1,500 சன்மானம் வந்தது. அதற்காகப் பேசிய தொலைபேசி அழைப்புகளும் போய்வந்த பஸ் செலவும் அதைத் தாண்டிவிட்டன. மாவட்டச் செய்திகள், மொழிபெயர்ப்பு, ஆங்கில இதழ்களுக்கு அவ்வப்போது எழுதுவது என்று சேர்த்துத்தான் என் வீடு நடக்கிறது. அன்றாடச் செய்தி வேலையை இழிவாக நினைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சர்வே எண்ணைச் சரிபார்த்து வாங்கக் கற்றவருக்குச் சிகர உயரத்தைச் சரிபார்க்கவும் தெரியும்.

ஒருவர் சிகரம் ஏறினாரா இல்லையா என்று கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன். ஏனென்றால் இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. கால்பந்துக்கு நடுவர் உண்டு, மைதானம் நிறையக் கண்கள் உண்டு. மலை உச்சியில் யாரும் இல்லை. போனவர் சொல்வதுதான் சாட்சி. 2016இல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு போலீஸ் தம்பதி எவரெஸ்ட் ஏறியதாகப் படம் காட்டினார்கள். நேபாள அரசு முதலில் சான்றிதழும் கொடுத்தது. பிறகு அந்தப் படம் வேறொருவருடையது, திருத்தப்பட்டது என்று தெரிந்து சான்றிதழைப் பறித்தார்கள். பத்தாண்டு தடையும் விதித்தார்கள். சந்தேகத்தை முதலில் எழுப்பியவர்கள் சக மலையேற்றக்காரர்கள்தாம்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, நம் பகுதி இளைஞர் ஒருவர் இமயத்தில் ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஏறியதாகச் சான்றிதழோடு வந்தார். சான்றிதழைப் பார்த்தேன், படத்தோடு எழுதினேன். ஊரில் பாராட்டு விழா நடந்தது. ஒரு மாதம் கழித்து அதே குழுவில் போன இன்னொருவர் தொலைபேசியில் அழைத்து, வானிலை கெட்டதால் யாருமே உச்சிக்குப் போகவில்லை என்றார். சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்றுதான் இருந்தது. நான் அதை ‘ஏறினார்’ என்று வாசித்துவிட்டேன். திருத்தம் வெளியிட்டோம், சிறிய எழுத்தில். அந்தத் தாளின் நகல் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் பார்ப்பவை இவை. உச்சிப் படத்தில் பின்னால் தெரியும் மலைகள் எவை, அவை அந்தத் திசையில் இருக்க வேண்டியவையா? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அவர் சொல்லும் நேரத்தோடு பொருந்துகிறதா? கூட ஏறிய ஷெர்பா யார், அவர் என்ன சொல்கிறார்? அதே நாள் ஏறிய மற்றக் குழுக்கள் இவரைப் பார்த்தார்களா? இமாலயன் டேட்டாபேஸில் என்ன பதிவு இருக்கிறது? படமே இல்லையென்றாலும் ஒருவர் உண்மை சொல்லலாம். காற்றில் காமிரா உறைந்துபோயிருக்கலாம். அப்போது அவருடைய விவரிப்பில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்தாம் துணை.

உச்சிக்கு நாலு மீட்டர் குறைந்தால் என்ன போச்சு? அவ்வளவு தூரம் போனது போனதுதானே?

எல்லோரையும்போல நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நேபாளத்தில் இருக்கும் மனாஸ்லு சிகரத்தின் (8,163 மீட்டர்) கதை என் எண்ணத்தை மாற்றியது. அங்கே உண்மையான உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு முகடு இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பலரும் அதுவரை போய்த் திரும்பி, ஏறியதாகவே பதிவு வாங்கினார்கள். 2021இல் ட்ரோனில் எடுத்த ஒரு படம் வந்தது. உண்மையான உச்சி அதற்கு அப்பால் தனியாக நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. மறு ஆண்டு முதல் அந்த உச்சியை எட்டியவர்களை மட்டுமே முழு ஏற்றமாக இமாலயன் டேட்டாபேஸ் கணக்கில் எடுக்கிறது.

எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் முதலில் ஏறிமுடித்தவர் என்று 1986 முதல் உலகம் கொண்டாடிய ரெயின்ஹோல்ட் மெஸ்னரின் பெயரைக்கூட, 2023இல் கின்னஸ் அந்த இடத்திலிருந்து நீக்கியது. அன்னபூர்ணாவில் அவர் ஐந்து மீட்டர் கீழேயே திரும்பிவிட்டார் என்பது ஓர் ஆய்வாளரின் வாதம். மெஸ்னர் ஒரு மாபெரும் மலையேற்றக்காரர் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்த நீக்கத்தில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் நிருபரின் வேலை, எதுவரை போனார் என்பதை எழுதிவிட்டுத் தீர்ப்பை வாசகரிடம் விடுவது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கஞ்சன்ஜங்காவை (8,586 மீட்டர்) 1955இல் முதலில் ஏறியவர்கள், சிக்கிம் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து உச்சிக்குச் சில அடி கீழே வேண்டுமென்றே நின்றுவிட்டார்கள். அதையும் மீட்டர் கணக்கில் குறை என்று எழுதினால் நமக்கு எழுதவே தெரியவில்லை என்று பொருள்.

பேட்டியில் ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். வேறு என்ன கேட்பது?

நேரத்தைக் கேளுங்கள். பொருளைக் கேளுங்கள். கடைசி முகாமை எத்தனை மணிக்கு விட்டார்கள், எந்த இடத்தில் சிலிண்டர் மாற்றினார்கள், இறங்கும்போது எதிரே யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

ஓசூர் அருகே ஒரு வீட்டில், இமயத்திலிருந்து திரும்பி நான்கு நாளே ஆன ஓர் இளைஞரைச் சந்தித்தேன். அவருடைய அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் அடுப்புக்கரியைப்போல இறுகிக் கறுத்திருந்தன. டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துக்கொண்டார். ‘கையுறையை எப்போது கழற்றினீர்கள்?’ என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். சிலிண்டர் மூடியில் பனி உறைந்து திருக முடியாமல் போனது, பல்லால் கையுறையை இழுத்தது, கழற்றிய கையுறை சரிவில் உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றது, கூட இருந்த ஷெர்பா தமது மாற்றுக் கையுறையைக் கொடுத்தது. அம்மா அதையெல்லாம் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, எதை எழுதலாம் என்று அம்மாவையும் மகனையும் கேட்ட பிறகே எழுதினேன்.

ஷெர்பா என்றால் சுமை தூக்குபவர்தானே?

இல்லை. ஷெர்பா என்பது நேபாளத்தின் கிழக்கு மலைப்பகுதியில் வாழும் ஓர் இனத்தின் பெயர். ‘மூன்று ஷெர்பாக்களுடன் சென்றார்’ என்று கூலியாள் கணக்காக எழுதுவதை நிறுத்துங்கள். அவர்களுக்கும் பெயர் உண்டு. கயிறு கட்டுவதும் ஏணி போடுவதும் பெரும்பாலும் அவர்கள்தாம். 2014 ஏப்ரல் 18 அன்று, எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு மேலே இருக்கும் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து ஒரே காலையில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் பிறருடைய ஏற்றத்துக்காக வழி அமைத்துக்கொண்டிருந்தவர்கள். 2021 ஜனவரி 16 அன்று கே2 சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறிய பத்துப் பேரும் நேபாளத்தவர்கள். என் கட்டுரைகளில் உள்ளூர்க்காரரின் பெயர் எப்படி வருகிறதோ, கூட ஏறிய ஷெர்பாவின் பெயரும் அப்படியே வரும். ஆசிரியர் இடமில்லை என்றால் வேறு வரியை வெட்டச் சொல்வேன்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறதா?

இருக்கிறது. பனியாறு, பனிப்பிளவு, பனிச்சரிவு, முகடு, அடிவார முகாம், பனிக்கோடாரி. ‘கிராம்பான்’ என்பதை அப்படியே எழுதி, ‘பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்பு முள்’ என்று ஒரு முறை விளக்கினால் போதும். நான் பயன்படுத்தாத ஒரு வினை ‘வென்றார்’. மலை யாரோடும் போரிடவில்லை. ‘ஏறினார்’ என்ற சொல் போதும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பென்சிலும் கெட்டி அட்டைக் குறிப்பேடும். கடுங்குளிரில் பேனா மை ஓடாது. கைபேசி பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் போனைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டினர் உண்டு.

எவரெஸ்ட் போகப் பணம் திரட்டுகிறேன். ‘முதல் தமிழர்’ என்று ஒரு செய்தி போட்டால் உதவியாக இருக்கும். செய்வீர்களா?

பணம் எவ்வளவு பெரிய தடை என்று எனக்குத் தெரியும். நேபாள அரசின் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பர் முதல் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராகிவிட்டது. மற்றச் செலவு தனி. நீங்கள் போகப்போகிறீர்கள், பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், உதவி தேவை என்று மகிழ்ச்சியோடு எழுதுவேன். ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் சரிபார்க்காமல் போட மாட்டேன். அந்தச் சொல்லுக்கு உரியவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், அவருடைய உழைப்பை நாம் அழித்துவிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் என்ற இடம் 2023 மே 23 அன்று ஏறிய முத்தமிழ்ச்செல்வியுடையது. அவருக்குப் பின் ஏறும் பெண்ணுக்கும் எழுதுவதற்கு ஆயிரம் இருக்கிறது.

பயண நிறுவனங்கள் இலவசமாக அழைத்துப்போவதாகச் சொல்வதும் உண்டு. ஒரு முறை போனேன். ஏற்பாட்டில் இருந்த குறைகளை எழுதக் கை வரவில்லை. அதன் பிறகு என் செலவில் முடிந்தால்தான் போகிறேன்.

நீங்கள் பேட்டி எடுத்த ஒருவர் மலையிலிருந்து திரும்பி வராவிட்டால், அதையும் எழுதுவீர்களா?

எழுதுவேன். இரண்டு முறை எழுதியிருக்கிறேன். குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது உறுதியாகும் வரை பெயர் வெளியே வராது. வேறு யார் முந்தினாலும் பரவாயில்லை. மலையில் கிடக்கும் உடலின் படத்தை வெளியிட மாட்டேன். ஏன் இறந்தார் என்று மேலே இருந்தவர்கள் முதல் நாள் சொல்வது பெரும்பாலும் பாதி உண்மைதான். ஆகவே காரணத்தைப் பிறகு எழுதுவேன். சிகரம் ஏறியதைச் சரிபார்க்க மேலே சொன்ன அதே வழிகள் இங்கேயும் உண்டு, இன்னும் மெதுவாக.

இரண்டாவது முறை எழுதியபோது, அச்சுக்குப் போகும் முன் முழுக் கட்டுரையையும் அவருடைய அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பென்னாகரம் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடுபவர். நடுவில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. முடித்ததும், வயது இருபத்தாறு என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா, ஆடி பிறந்தால்தான் அவனுக்கு இருபத்தாறு என்றார். இருபத்தைந்து என்று திருத்தி அனுப்பினேன்.